இரண்டு மணி நேரச் சுவர்

2017ஆம் ஆண்டு மே 31 அதிகாலையில் தி. நகர் உஸ்மான் சாலையில் இருந்த சென்னை சில்க்ஸ் கட்டடம் தீப்பிடித்தது. ஒரு நாளைக்கும் மேலாக எரிந்தது. மறுநாள் விடிவதற்குள் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து விழ, மிச்சத்தை இயந்திரங்களை வைத்து இடித்தார்கள். டிவியில் திரும்பத் திரும்ப ஓடிய அந்தக் கரும்புகை சென்னைக்காரர்கள் பலருக்கு நினைவிருக்கும். அதே மாதம் 12ஆம் தேதி வேறொரு தீ பரவியது. வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளின் ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறந்துவிட பிட்காயின் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைத்தன. இந்தப் பக்கம் ஆந்திரக் காவல்துறையின் சில கணினிகள் மாட்டிக்கொண்டன.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் காரணம் ஒரு சொல். ஃபயர்வால். கம்ப்யூட்டர்க்காரர்கள் அந்தச் சொல்லைக் கட்டடக்காரர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். கட்டடத்தில் தீத்தடுப்புச் சுவரை மணிக்கணக்கில்தான் அளப்பார்கள். இது இரண்டு மணி நேரச் சுவர், அது நான்கு மணி நேரச் சுவர் என்று. ஒரு பக்கம் தீ எரிந்தால் மறுபக்கத்தை அவ்வளவு நேரம் காப்பாற்றும் என்று பொருள். தீயை அணைப்பது சுவரின் வேலை இல்லை. உள்ளே இருப்பவர்கள் வெளியேறவும் தீயணைப்பு வண்டி வந்து சேரவும் அது நேரம் வாங்கிக் கொடுக்கிறது. கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய இடைவெளிக்கும் இதேதான் கணக்கு. அந்த இடைவெளியை தி. நகர் எப்போதோ தின்றுவிட்டது. 2011இல் ரங்கநாதன் தெருவிலும் சுற்றுவட்டத்திலும் விதிமீறிக் கட்டிய கடைகளுக்குச் சீல் வைத்ததும், பிறகு நீதிமன்ற அனுமதியோடு அவை திறந்ததும் ஊரறிந்த கதை.

சொல்லை எடுத்துக்கொண்ட கம்ப்யூட்டர்க்காரர்கள் அந்த மணிக்கணக்கை மட்டும் விட்டுவிட்டார்கள். அதனால் ஒரு பெட்டியை வாங்கி மாட்டிவிட்டால் அது என்றைக்கும் காக்கும் என்ற எண்ணம் பரவியது. விற்பவர்களும் அதைக் கலைக்க அவசரப்படவில்லை.

போன வருடம் மயிலாப்பூரில் ஆடிட்டராக இருக்கும் என் சித்தப்பா மூன்று கொட்டேஷன்களை வாட்ஸப்பில் அனுப்பினார். ஒன்று 38,000 ரூபாய். ஒன்று 92,000. மூன்றாவது ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. மூன்றுமே செங்கல் அளவுக்கு இருக்கும் ஒரு பெட்டிக்கு. "நீ கம்ப்யூட்டர்லதானே இருக்க, எதை வாங்கறதுன்னு சொல்லுப்பா" என்றார். நான் எழுதுவது பேமென்ட் சாஃப்ட்வேர். நெட்வொர்க் என் துறை இல்லை. ஆனால் சித்தப்பாக்களிடம் அந்த வித்தியாசத்தை விளக்க முடியாது. அதனால் படிக்க ஆரம்பித்தேன். விலைப்பட்டியலில் தொடங்கியது எங்கெங்கோ போனது.

*

1988 நவம்பர் 2ஆம் தேதி ராபர்ட் டப்பன் மாரிஸ் என்ற கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ஒரு புரோகிராமை இணையத்தில் அவிழ்த்துவிட்டார். தன்னைத்தானே நகலெடுத்துக்கொண்டு அடுத்தடுத்த மெஷினுக்குத் தாவும் புழு அது. அன்றைய இணையத்தில் இருந்தவை ஏறக்குறைய 60,000 கணினிகள். அவற்றில் சுமார் 6,000 முடங்கின என்று மதிப்பிட்டார்கள். மாரிஸின் அப்பா அமெரிக்காவின் என்எஸ்ஏவில் கம்ப்யூட்டர் பாதுகாப்பு விஞ்ஞானி என்பது இந்தக் கதையில் யாரும் கற்பனையாகச் சேர்க்காத விஷயம். அதுவரை இணையம் ஒரு அக்ரஹாரம் மாதிரி இருந்தது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். கதவைத் திறந்து போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போகலாம்.

பெல் லேப்ஸில் வேலை பார்த்த பில் செஸ்விக் 1990இல் தங்கள் நிறுவனத்தின் இணைய வாசலை எப்படி அமைத்தோம் என்று ஒரு கட்டுரை வாசித்தார். உள்ளே போகும், வெளியே வரும் எல்லாமே ஒரே வாசல் வழியாகத்தான். அந்த வாசலில் சந்தேகப் பிராணியாக ஒரு மெஷின் நிற்கும். அந்த அமைப்பை அவரே ஒரு மிட்டாயோடு ஒப்பிட்டார்: வெளியே மொறுமொறுப்பான ஓடு, உள்ளே கொழகொழவென்று மென்மை. மயிலாப்பூர்க்காரர்கள் போண்டா என்று புரிந்துகொள்ளலாம். செஸ்விக் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஓட்டைத் தாண்டிவிட்டால் உள்ளே தடுக்க எதுவுமில்லை என்ற உறுத்தல் அதில் இருந்தது. பின்னால் வந்த வியாபாரம் ஓட்டை மட்டும் விற்றது.

வாசலில் நிற்கும் மெஷின் பெட்டியாக மாறிய கதை இன்னும் வேடிக்கையானது. 1994இல் நெட்வொர்க் டிரான்ஸ்லேஷன் என்ற சின்ன அமெரிக்க நிறுவனம் பிக்ஸ் என்றொரு பெட்டியைக் கொண்டுவந்தது. திருடனைப் பிடிப்பது அதன் முதல் நோக்கமில்லை. அப்போது ஐபி முகவரிகளுக்குத் தட்டுப்பாடு வரும் என்ற பயம் இருந்தது. ஆபீஸில் ஐம்பது எக்ஸ்டென்ஷன் இருந்தாலும் வெளியே நாலு டெலிபோன் லைன்தான் போகும் இல்லையா, இபிஏபிஎக்ஸ் என்று நம் ஆபீஸ்களில் சொல்வார்களே, அதே வேலையை ஐபி முகவரிகளுக்குச் செய்தது பிக்ஸ். பெயரே அதிலிருந்துதான். உள்ளே இருக்கும் கணினிகளுக்கு வெளியுலக முகவரி இல்லாததால், வெளியிலிருந்து நேரே யாரும் கூப்பிட முடியாமல் போனது ஒரு கூடுதல் லாபம். அடுத்த வருடமே சிஸ்கோ அந்த நிறுவனத்தை வாங்கியது. இஸ்ரேலில் 1993இல் தொடங்கப்பட்ட செக்பாயின்ட் இதே நேரத்தில் தன் ஃபயர்வால் மென்பொருளோடு வந்தது. யார் எந்தப் பேச்சைத் தொடங்கினார்கள் என்று நினைவில் வைத்துக்கொண்டு, பதிலை மட்டும் உள்ளே விடும் முறை அதனுடையது. இன்று நம் வீட்டு வைஃபை ரவுட்டர்கூட இந்த இரண்டையும் இலவசமாகச் செய்கிறது. 38,000 ரூபாய் கொட்டேஷனில் 'மேம்பட்ட அம்சங்கள்' என்று முதல் இரண்டு வரிகளில் இருந்தவை இவைதான்.

*

சென்னைக்கு இந்தப் பெட்டிகளின் தேவை மெதுவாக வந்தது. அடையாறு பக்கம் ஐஐடி வளாகத்தில் 1980களின் கடைசியிலேயே எர்நெட் இணைப்பு இருந்தது. கல்வி நிறுவனங்களுக்காக அரசு தொடங்கிய வலையமைப்பு அது. பொதுமக்களுக்கு விஎஸ்என்எல் இணைய இணைப்புக் கொடுக்க ஆரம்பித்தது 1995 ஆகஸ்ட் 15. பம்பாய், டெல்லி, கல்கத்தாவோடு மெட்ராஸும் முதல் நாளிலேயே இருந்தது. அது டயல்அப். கிர்ரென்று சத்தம் போட்டு இணைந்து, மெயிலை எடுத்துக்கொண்டு, பில் ஏறும் பயத்தில் உடனே துண்டிக்க வேண்டிய இணைப்பு. பத்து நிமிடம் மட்டும் திறந்திருக்கும் கதவுக்கு யாரும் காவலாள் வைக்கமாட்டார்கள். அன்றைய ஆபத்து பிளாப்பியில் வந்தது. அதனால்தான் சென்னையின் கே7 போன்ற நிறுவனங்கள் 1990களின் தொடக்கத்திலேயே ஆன்டிவைரஸ் எழுதின. ஃபயர்வால் செய்ய வேண்டும் என்று இங்கே யாருக்கும் தோன்றவில்லை.

2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் டேட்டாஒன் என்று பிராட்பேண்ட் கொடுத்தபோதுதான் கதவு இருபத்துநாலு மணி நேரமும் திறந்தது. தி. நகர் ஜவுளிக்கடையின் பில்லிங் கம்ப்யூட்டரும் மயிலாப்பூர் ஆடிட்டர் ஆபீஸின் டேலி சர்வரும் முதன்முதலாக உலகத்தின் வாசலில் நாளெல்லாம் உட்கார்ந்தன. நடுவில் இருந்தது ஒரு பிளாஸ்டிக் மோடம். அதன் பாஸ்வேர்ட் பெரும்பாலும் 'அட்மின்'. யாரும் மாற்றவில்லை, மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை. 2017 ஜூலையில், அந்த ஜவுளிக்கடைத் தீக்கு இரண்டு மாதம் கழித்து, பாஸ்வேர்ட் மாற்றாத மோடம்களைத் தேடித்தேடிச் சாகடிக்கும் ஒரு நிரல் பிஎஸ்என்எல் வாடிக்கையாளர்களைத் தாக்கியது. சுமார் 60,000 மோடம்கள் செயலிழந்ததாகச் செய்தி வந்தது. பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று பிஎஸ்என்எல் அப்போது அறிவித்தது. பன்னிரண்டு வருடம் கழித்து.

*

இந்த இடைப்பட்ட காலத்தில்தான் சைபரோம் வருகிறது. பொறியியல் கல்லூரி விடுதியில் இருந்தவர்கள் இந்தப் பெயரைக் கேட்டதும் சிரிப்பார்கள். ராத்திரி பதினொன்றுக்கு மேல் படம் டவுன்லோட் பண்ண விடாமல் ஒரு லாகின் பக்கம் வந்து நிற்குமே, அது. அதைத் தாண்டுவது எப்படி என்ற அறிவு சீனியரிடமிருந்து ஜூனியருக்கு குருகுல முறையில் கைமாறியது.

அகமதாபாத்தில் 1999இல் தொடங்கிய எலைட்கோர் என்ற நிறுவனத்தின் தயாரிப்பு அது. மற்ற ஃபயர்வால்கள் ஐபி முகவரியைப் பார்த்து அனுமதி கொடுத்தபோது, சைபரோம் ஆளைப் பார்த்துக் கொடுத்தது. அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவர் எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் அவருக்கு வங்கித் தளம் திறக்கும், யூடியூப் திறக்காது. ஒரே மெஷினை நாலு பேர் ஷிப்ட் போட்டுப் பயன்படுத்தும் இந்திய ஆபீஸ்களைத் தெரிந்தவர்கள் யோசித்த யோசனை இது. நெட்வொர்க் பாடப்புத்தகத்தில் ஏழு அடுக்குகள் உண்டு. இவர்கள் மனிதனை எட்டாவது அடுக்கு என்று விளம்பரம் செய்தார்கள். எனக்கு அந்தத் துணிச்சல் பிடிக்கும். சின்ன நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில், இந்தியாவில் எழுதப்பட்ட ஒரு பாதுகாப்புப் பெட்டி உலகச் சந்தைக்குப் போனது சாதாரண விஷயமில்லை.

2012 ஜூலையில் அந்தப் பெட்டியின் வயிற்றுக்குள் என்ன இருந்தது என்று வெளியே வந்தது. புரிய வேண்டுமென்றால் ஒன்றைச் சொல்ல வேண்டும். பூட்டுப் படம் போட்ட தளங்களுக்குப் போகும் தகவலை நடுவில் யாரும் படிக்க முடியாது, ஃபயர்வாலாலும் முடியாது. உள்ளே வைரஸ் வருகிறதா என்று பார்க்க வேண்டுமானால், பெட்டி அந்தத் தளமாகவே வேஷம் போட வேண்டும். வங்கி என்று சொல்லிக்கொண்டு உங்களிடம் பேசும். நீங்கள் என்று சொல்லிக்கொண்டு வங்கியிடம் பேசும். அந்த வேஷத்தை உங்கள் பிரவுசர் நம்புவதற்காக, பெட்டியின் ரகசியச் சாவியால் கையெழுத்திட்ட சான்றிதழ் ஒன்றை ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் ஏற்றிவைப்பார்கள். இதெல்லாம் ஊரறிந்த முறைதான். சிக்கல், எல்லா சைபரோம் பெட்டிகளிலும் ஒரே சாவி இருந்தது. ஜோர்டானில் ஒருவர் டோர் திட்டத்தின் தளத்துக்குப் போனபோது போலிச் சான்றிதழ் வந்ததைக் கவனித்துச் சொல்ல, டோர் திட்டத்தின் ஆய்வாளர்கள் அதைத் தோண்டிக் கண்டுபிடித்தார்கள். ஒரு பெட்டியை விலைக்கு வாங்கிச் சாவியை உருவினால், உலகத்தில் வேறெந்த சைபரோம் பெட்டியின் பின்னால் இருப்பவரையும் ஏமாற்றலாம். திண்டுக்கல் பூட்டுக்காரர் இந்தக் காரியத்தைச் செய்யமாட்டார். சில நாட்களில் யாரோ அந்தச் சாவியை இணையத்திலேயே போட்டுவிட, நிறுவனம் அவசரமாக ஒவ்வொரு பெட்டிக்கும் தனிச் சாவி உருவாக்கும் திருத்தத்தை அனுப்பியது.

தவறு யாருக்கும் வரும். திருத்தம் வேகமாக வந்தது. ஆனால் எத்தனை ஆபீஸ்களில் அந்தத் திருத்தம் உள்ளே ஏறியது? அதைத்தான் எந்தக் கொட்டேஷனும் சொல்வதில்லை.

2014இல் பிரிட்டிஷ் நிறுவனமான சோஃபோஸ் சைபரோமை வாங்கியது. அதற்கப்புறம் நடந்ததை சோஃபோஸே 2024 அக்டோபரில் 'பசிபிக் ரிம்' என்ற பெயரில் விரிவாக எழுதி வெளியிட்டது. நான் படித்தவற்றில் இந்தத் துறையின் நேர்மையான ஆவணங்களில் அதுவும் ஒன்று. 2018 டிசம்பரில் சைபரோமின் இந்திய அலுவலகத்தில், சுவரில் மாட்டியிருந்த ஒரு டிஸ்ப்ளே டிவியை ஓட்டிய சாதாரண கம்ப்யூட்டர் உள் நெட்வொர்க்கைத் துழாவிக்கொண்டிருந்தது. யாரோ வெளியிலிருந்து அதை இயக்கினார்கள். ஃபயர்வால் தயாரிக்கும் கம்பெனிக்குள், யாரும் கம்ப்யூட்டராகவே மதிக்காத ஒன்றின் வழியாக நுழைந்திருந்தார்கள். செஸ்விக்கின் மிட்டாய்.

2020 ஏப்ரல் 22இல் அடுத்த கட்டம். உலகெங்கும் இருந்த சோஃபோஸ் ஃபயர்வால்களே தாக்கப்பட்டன. பெட்டியின் நிர்வாகப் பக்கம் இணையத்துக்குத் திறந்திருந்தால் போதும், அதுவரை யாருக்கும் தெரியாத ஓர் ஓட்டை வழியாக உள்ளே புகுந்து பயனர் பெயர்களையும் பாஸ்வேர்ட் தடயங்களையும் எடுக்க முடிந்தது. மூன்று நாட்களில், ஏப்ரல் 25இல், தானாகவே ஏறிக்கொள்ளும் திருத்தம் போனது. சுத்தம் செய்ய முயன்றால் ரான்சம்வேரை ஏவிவிடவும் தாக்கியவர்கள் ஏற்பாடு செய்திருந்தார்கள். 2024 டிசம்பரில் அமெரிக்க அரசு செங்டு நகரத்தைச் சேர்ந்த சிச்சுவான் சைலன்ஸ் என்ற நிறுவனத்தின் மீதும் அதன் ஊழியர் ஒருவர் மீதும் நடவடிக்கை எடுத்தபோது சொன்ன எண்ணிக்கை: ஏறக்குறைய 81,000 ஃபயர்வால்கள்.

சோஃபோஸ் மட்டும்தான் இப்படி என்று நினைத்து வேறு கம்பெனிக்குப் போக வேண்டாம். ஃபோர்ட்டினெட் 2019 மே மாதமே ஒரு விபிஎன் ஓட்டையை அடைத்துத் திருத்தம் வெளியிட்டது. 2021 செப்டம்பரில் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் விபிஎன் பயனர்களின் பெயரும் பாஸ்வேர்டும் வெளியே கொட்டப்பட்டன. அதே ஓட்டை. இரண்டு வருடத்துக்கு மேல் திருத்தத்தை ஏற்றாமல் விட்ட பெட்டிகளிலிருந்தும், ஏற்றிய பிறகும் பாஸ்வேர்டை மாற்றாத இடங்களிலிருந்தும் போனவை. வான்னாக்ரைக்குக்கூட மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14இலேயே மருந்து கொடுத்திருந்தது. தீ பிடித்தது மே 12இல். இடையில் 59 நாட்கள். சுவர் வாங்கிக் கொடுத்த நேரம் அது, வண்டிதான் வரவில்லை.

*

இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு சனிக்கிழமை சித்தப்பாவின் ஆபீஸுக்குப் போனேன். மாடவீதிக்குப் பக்கத்துச் சந்தில் முதல் மாடி. ஒன்பது பேர். முந்நூறு சொச்சம் வாடிக்கையாளர்கள். அவர்களுடைய பான், ஆதார், பேங்க் ஸ்டேட்மென்ட், சொத்துப் பத்திர நகல், விவாகரத்து செட்டில்மென்ட் வரைக்கும் ஒரு சர்வரில். மயிலாப்பூரில் ஒரு குடும்பத்தின் கணக்கு மூன்று தலைமுறையாக ஒரே ஆடிட்டரிடம் இருக்கும். டாக்டருக்குத் தெரியாதது இவருக்குத் தெரியும்.

ஃபயர்வால் ஏற்கெனவே ஒன்று இருந்தது. பீரோவுக்கு மேல், ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப்பொட்டு காய்ந்துபோய், பச்சை விளக்குகள் சிமிட்டிக்கொண்டு. லைசென்ஸ் முடிந்து நாலு வருடம். லைசென்ஸ் முடிந்தாலும் இணையம் ஓடும், விளக்கு எரியும். புதிய திருத்தங்கள் மட்டும் வராது. "லைட் எரியுதே" என்றார் சித்தப்பா. வாசலில் தொங்கும் திருஷ்டிப் பூசணிக்கும் அதற்கும் அப்போது பெரிய வித்தியாசமில்லை. பூசணியிலாவது வெளியிலிருந்து லாகின் பண்ண முடியாது. இதில் முடிந்தது. போட்டுக்கொடுத்தவர், தான் வீட்டிலிருந்தே சரிசெய்ய வசதியாக நிர்வாகப் பக்கத்தை இணையத்துக்குத் திறந்து வைத்திருந்தார். கொரோனா காலத்தில் வீட்டிலிருந்து டேலி பார்ப்பதற்காக ரிமோட் டெஸ்க்டாப்புக்கும் நேரடி வழி விட்டிருந்தார்கள், அதுவும் மூடப்படவில்லை. சிசிடிவி பெட்டி, விரல் வைக்கும் அட்டெண்டன்ஸ் மெஷின், டேலி சர்வர் எல்லாம் ஒரே நெட்வொர்க்கில். 2016இல் மிராய் என்ற நிரல் தொழிற்சாலை பாஸ்வேர்ட் மாற்றாத சிசிடிவி பெட்டிகளை லட்சக்கணக்கில் பிடித்துத்தான் அமெரிக்க இணையத்தின் பெரும்பகுதியை ஒரு நாள் திணற வைத்தது. சைபரோம் ஆபீஸின் டிவி மாதிரி, மயிலாப்பூரிலும் யாரும் கம்ப்யூட்டர் என்று மதிக்காதவை நிறைய.

கொட்டேஷன்களுக்கு வருவோம். மூன்றிலும் கொட்டை எழுத்தில் ஜிகாபிட் கணக்கு இருந்தது. அந்த எண் பெட்டி எதையும் பிரித்துப் பார்க்காமல், பெரிய பெரிய பாக்கெட்டுகளை அப்படியே தள்ளிவிடும் வேகம். எல்லாச் சோதனைகளையும் போட்டுவிட்டால் அதில் ஒரு சிறு பங்குதான் தேறும். அந்த எண் டேட்டாஷீட்டில் கீழே பொடி எழுத்தில் இருக்கும். பூட்டிய தளங்களைத் திறந்து பார்க்கும் வசதியைச் சின்ன ஆபீஸ்களில் பாதிப்பேர் போடுவதே இல்லை, போட்டால் வங்கித் தளமும் வருமானவரி போர்ட்டலும் முரண்டு பிடிக்கும் என்று வெண்டர்களே சொன்னார்கள். இன்று இணையத்தில் ஓடுவதில் பெரும்பகுதி பூட்டியதுதான் என்பதால், அது இல்லாமல் வாங்கும் வைரஸ் சோதனை லைசென்ஸ் மூடிய பார்சலை முகர்ந்து பார்ப்பதற்குக் கொடுக்கும் பணம்.

அதனால் வேகத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. இந்த மாடலுக்குப் பாதுகாப்புத் திருத்தம் எந்தத் தேதி வரைக்கும் வரும், அதை யார் வந்து ஏற்றுவார், எப்போது? மூன்று பேரிடமும் இதை மட்டும் கேட்டேன். ஒருவர் "லைஃப்டைம் சார்" என்றார். யாருடைய லைஃப் என்று கேட்க வாய் வந்தது. இன்னொருவர் அதெல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றார். மூன்றாமவர் மந்தைவெளியில் ஒற்றை ரூம் வைத்திருப்பவர். இரண்டு நாள் கழித்து, கம்பெனியின் ஆதரவு முடியும் தேதி போட்ட பிடிஎஃப்பை அனுப்பிவிட்டு, "மூணு மாசத்துக்கு ஒரு தடவ நானே வந்து பண்றேன் சார், ஆனா ஜூலைலயும் செப்டம்பர்லயும் கூப்பிடாதீங்க, ஆடிட்டர் ஆபீஸ்ல அப்ப கைய வெச்சா அடிப்பாங்க" என்றார். ஜூலை 31 ரிட்டர்ன், செப்டம்பர் 30 டாக்ஸ் ஆடிட். அந்த மாதங்களில் பெட்டியை ரீஸ்டார்ட் செய்யச் சொன்னால் உண்மையிலேயே அடி விழும். இதை அறிந்த ஆளைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன்.

ரிச்சி தெருவில் ஒரு மினி கம்ப்யூட்டர் வாங்கி இலவசமான ஓப்பன்சோர்ஸ் ஃபயர்வாலைப் போட்டுவிடலாமே என்று எனக்கும் ஆசை இருந்தது. லிங்க்சிஸ் ரவுட்டரின் நிரலை வெளியிடச் சொல்லிக் கட்டற்ற மென்பொருள்காரர்கள் 2003இல் நடத்திய போராட்டத்திலிருந்து ஓபன்டபிள்யூஆர்டி பிறந்தது. அதற்கு அடுத்த வருடம் பிஎஃப்சென்ஸ் வந்தது. தரத்தில் குறைவில்லை. எங்கள் வீட்டில் அதுதான் ஓடுகிறது. ஆனால் சித்தப்பா ஆபீஸில் அதற்குத் தீயணைப்பு வண்டி நான்தான். நான் ஆன்கால் டியூட்டியில் இருக்கும் இரவு அங்கே ஏதாவது நின்றால் யார் போவது?

கடைசியில் மந்தைவெளிக்காரரிடம் 38,000 ரூபாய்ப் பெட்டியையே வாங்கினோம். மிச்சப் பணத்தில் நெட்வொர்க்கைப் பிரிக்கும் ஒரு சுவிட்ச், கேமராவும் அட்டெண்டன்ஸும் தனியாக. வாரம் ஒருமுறை டேலியை நகலெடுத்துக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போக இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒரு யுபிஎஸ். ரிமோட் டெஸ்க்டாப்பின் நேர்வழியை அடைத்தாயிற்று. வீட்டிலிருந்து வருபவர்கள் விபிஎன் வழியாக, போனில் வரும் எண்ணையும் போட்டுவிட்டு வர வேண்டும். ஹார்ட் டிஸ்க்தான் இதில் முக்கியம் என்பது என் கட்சி. 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற நிரல் பரவியது உக்ரைனின் ஒரு கணக்குப்பதிவு மென்பொருளின் அப்டேட் வழியாக. ஃபயர்வால் அதை மரியாதையாக உள்ளே அனுப்பிவைத்தது, அப்டேட் ஆயிற்றே! மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு முனையம்வரை அதன் சூடு எட்டியது. 2015 டிசம்பரில் அடையாறு கோட்டூர்புரத்துக்குள் வந்ததைப் பார்த்தவர்களுக்கு, ஒரு நகல் வேறிடத்தில் இருக்க வேண்டும் என்பதை விளக்க வேண்டியதே இல்லை.

சித்தப்பாவைச் சம்மதிக்க வைத்தது இந்த வரலாறு எதுவும் இல்லை. சட்டம். 2022 ஏப்ரல் 28இல் செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி, இணையத் தாக்குதல் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். 180 நாள் பதிவுகளை வைத்திருக்க வேண்டும். பழைய பெட்டி அரை நாள் பதிவைக்கூட வைத்திருக்கவில்லை. 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், முறையான பாதுகாப்பு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்றேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "பூஜ்யத்தைச் சரியா எண்ணினியாப்பா?"

புதுப்பெட்டி மாட்டிய அன்று பழையதைத் தூக்கிப்போட வேண்டாம் என்று நிறுத்தினேன். ஈசெட் ஆய்வாளர்கள் 2023இல் பழைய ரவுட்டர்கள் பதினெட்டைச் சந்தையில் வாங்கிப் பார்த்தபோது, பாதிக்கு மேற்பட்டவற்றில் முந்தைய நிறுவனத்தின் ரகசியங்கள் அப்படியே இருந்தன. நம்முடையதையும் திறந்து பார்த்தோம். விபிஎன் பயனர் பட்டியலில் பதினான்கு பெயர்கள். ஆபீஸில் இருப்பது ஒன்பது பேர். மிச்சம் ஐந்தில் இரண்டு ஆர்ட்டிகிள்ஷிப் முடித்துப் போன பையன்கள், ஒருவர் கல்யாணமாகி துபாய் போனவர், ஒன்று பெட்டியைப் போட்டுக்கொடுத்தவருடைய கணக்கு. ஐந்தாவது பெயர் யாருடையது என்று சித்தப்பாவுக்கும் தெரியவில்லை, முப்பது வருடமாக அங்கே இருக்கும் மேனேஜர் அம்மாவுக்கும் தெரியவில்லை. ஐந்து கணக்குகளும் அன்று காலை வரை உயிரோடு இருந்தன. மந்தைவெளிக்காரர் ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, பெட்டியின் பின்னால் இருந்த சின்ன ஓட்டையில் விட்டுப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தார்.